குடமும் கால்வாயும்

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் செங்கோட்டைக்காரர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருக்க வேண்டும் என்று கையெழுத்தைப் பார்த்தவுடனேயே ஊகித்துக் கொண்டேன். கோடு போடாத கார்டில் அவ்வளவு நேராக எழுத வேறு யாருக்கும் வராது.

என் நாவல் ஒன்றை அவர் படித்திருந்தார். 1911-ஆம் வருஷத்தில் நடக்கும் கதை அது. பாராட்டாக இரண்டு வரி எழுதிவிட்டு, மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டார். "தங்கள் கதாநாயகன் திருநெல்வேலி ஜில்லா செங்கோட்டையில் ரயில் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். 1911-ல் செங்கோட்டை எந்த ஜில்லாவில் இருந்தது என்பதைத் தயவு செய்து விசாரித்துக் கொள்ளவும்" என்று கேட்டிருந்தார்.

விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்டைக் கீழே வைப்பதற்குள் என் காது மடல்கள் சூடேறிவிட்டன. 1911-ல் செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவிலும் இல்லை, சென்னை மாகாணத்திலும் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் முதல் தேதியன்றுதான் செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி தமிழர்களிடம் வந்து, திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், அதிலும் சரித்திர நாவல் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன், இதைத் தவற விட்டால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. நான் எழுதியது 1911-க்குத்தான் பொருந்தவில்லை; இன்றைக்காவது பொருந்துமா என்றால் அதுவும் இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் என் நாவலில் வரும் 'திருநெல்வேலி ஜில்லா செங்கோட்டை' எந்தக் காலத்தைச் சேர்ந்தது? யோசித்துப் பார்த்தேன். அது நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்த காலத்தைச் சேர்ந்தது. அன்று மனத்தில் ஏறியது அப்படியே தங்கிவிட்டது. வெளியே ஜில்லாக்கள் உடைந்தும் சேர்ந்தும் போயின. என் மனத்துக்குள் இருந்த ஜில்லா அசையவே இல்லை.

*

அந்த வாரத்திலேயே என் அக்காவின் பேரன் வந்து சேர்ந்தான். தென்காசிப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கையில் ஒரு பழைய பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தான். அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் கதையை அவனிடம் சொல்லிக் கார்டையும் காட்டினேன்.

விழுந்து விழுந்து சிரித்தான்.

"தாத்தா, இது எங்க பொழப்புல தினமும் நடக்குதது. நீங்க என்னமோ பெரிய பாவம் பண்ணினாப்புல உக்காந்திருக்கிய!"

"தினமும் நடக்கிறதா? எப்படிடே?"

அவன் அரை மணி நேரம் பேசினான். அதை என் பாஷையில் சொல்லப் பார்க்கிறேன். தவறு இருந்தால் அது என் தலையைச் சேர்ந்தது.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பாஷைகளில் 'ஸ்கீம்' என்று ஒன்று இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்ட் ஸஸ்மன், கை ஸ்டீல் என்ற இருவர் அதை உண்டாக்கினார்கள். அதற்குத் தாய், ஜான் மெக்கார்த்தி 1958-ல் தொடங்கி வைத்த 'லிஸ்ப்' என்னும் பாஷை. லிஸ்பின் வம்சத்தில் ஏற்கெனவே 'திட்டக்காரன்' என்றும் 'சதிக்காரன்' என்றும் பொருள்படும் பெயர்களில் குழந்தைகள் இருந்தன. அந்த வரிசையில் இதற்கு 'ஸ்கீமர்', அதாவது சூழ்ச்சிக்காரன், என்று நாமகரணம் செய்ய நினைத்தார்கள். ஆனால் அவர்களுடைய கம்ப்யூட்டரில் கோப்பின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. 'ஸ்கீமர்' இங்கிலீஷில் ஏழு எழுத்து. கடைசி எழுத்தை வெட்டினார்கள். 'ஸ்கீம்' என்று நிலைத்துவிட்டது. பெயர்கள் எப்படி நிலைக்கின்றன என்பதற்கு இதுவே ஒரு சரித்திரம்தான்.

இந்தப் பாஷையின் விசேஷம் என்ன? நம் ஊர்க்காரர் ஒருவர் சென்னைக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "ஜங்ஷனில் இறங்கி டவுனுக்கு நடந்தேன்" என்று சொன்னால், அவர் எந்த ஜங்ஷனைச் சொல்கிறார்? திருநெல்வேலி ஜங்ஷனைத்தான். டவுன் என்றால் நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுன். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் எதுவானால் என்ன, பேச்சு பிறந்த இடம் திருநெல்வேலி. பழைய லிஸ்பில் அப்படி இல்லையாம். ஒரு பெயர் எங்கே கொண்டுபோய்ப் பேசப்படுகிறதோ, அந்த இடத்தின் அர்த்தத்தை எடுத்துக் கொள்ளும். மதுரையில் பேசினால் மதுரை ஜங்ஷன்; விழுப்புரத்தில் பேசினால் விழுப்புரம் ஜங்ஷன். ஸ்கீம் இதை மாற்றியது. ஒரு காரியத்தை எந்த இடத்தில் எழுதினார்களோ, அந்த இடத்துச் சூழலை அது மடியில் கட்டிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய் நடத்தினாலும், பெயருக்கு அர்த்தம் தேடித் தன் மடியைத்தான் அவிழ்த்துப் பார்க்கும்.

இது நல்ல குணம்தான். ஆனால் இதிலிருந்துதான் ஒரு சிக்கலும் பிறக்கிறது.

பெரிய புரோகிராமை ஒரே ஏட்டில் எழுதிவிட முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மாட்யூல் என்று பெயர். ஒரு மாட்யூல் சில பெயர்களை வெளியே கொடுக்கும். மற்ற மாட்யூல்கள் அவற்றை வாங்கிப் பயன்படுத்தும். இந்தப் பங்கீட்டை எப்படிச் செய்வது என்று ஸ்கீமின் சட்டப் புத்தகம் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. 1998-ல் வந்த ஐந்தாவது திருத்திய அறிக்கையில்கூட அதைப் பற்றி ஒன்றும் இல்லை. 2007-ல் வந்த ஆறாவது அறிக்கைதான் விதி செய்தது. அதுவரை ஆளுக்கு ஒரு வழக்கம்.

இப்போது கேள்வி. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மாட்யூலில் பிழை தெரிகிறது. திருத்தி எழுதி, ஓட்டத்தை நிறுத்தாமலே அந்த மாட்யூலை மட்டும் மறுபடி ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே அதன் பெயர்களை வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் புதியது தெரியுமா, பழையதே தெரியுமா?

"அது அவங்க எதை வாங்கி வச்சிருந்தாங்கங்கிறதைப் பொறுத்தது, தாத்தா" என்றான் பையன்.

*

மறுநாள் அவனோடு ஸ்ரீவைகுண்டம் போக வேண்டியிருந்தது. பத்திர விஷயமாகத்தான். காரியம் தொடங்க நேரம் இருந்ததால் இரண்டு பேரும் அணைக்கட்டுக்கு நடந்தோம். தாமிரபரணியில் குறுக்காகக் கட்டிய எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. மற்ற ஏழும் பழைய காலத்தவை. இது வெள்ளைக்காரன் காலத்தில், 1870-களில் முடிந்தது. வடக்கே ஒரு கால்வாய், தெற்கே ஒரு கால்வாய். அணையின் கீழ்ப்புறம் ஒரு பெண் குடத்தில் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். அதைப் பார்த்ததும்தான் அவன் முந்தின நாள் சொன்னது முழுக்க எனக்கு விளங்கிற்று.

ஆற்றிலிருந்து தண்ணீர் பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கால்வாய். அது ஆற்றோடு தொடர்பை விடுவதில்லை. இன்றைக்கு ஆற்றில் செந்நிற வெள்ளம் வந்தால் கால்வாயிலும் செந்நிற வெள்ளம். நாளைக்குத் தெளிந்தால் அங்கேயும் தெளியும். ஸ்கீமில் ஒரு பெயரை இந்த விதமாகப் பிடித்திருப்பவர்களுக்கு, மாட்யூலை மறுபடி ஏற்றியவுடன் புதியது தெரிந்துவிடும். பெயர் என்பது ஒரு பெட்டி. அவர்கள் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். மறுபடி ஏற்றும்போது அதே பெட்டிக்குள் இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். அடுத்த தடவை திறக்கிறவன் புதியதைக் காண்கிறான்.

இரண்டாவது வழி குடம். நேற்று மொண்ட தண்ணீர் நேற்றைய ஆறு. இன்றைக்கு ஆறு என்ன ஆனாலும் குடத்துக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்ததை வெளியே எடுத்து, வேறொரு பெயரிலோ ஒரு பட்டியலிலோ பத்திரப்படுத்தியவர்கள் இந்த ரகம். பெட்டிக்குள் மாறியது அவர்களைத் தொடாது. வேகத்துக்காகக் கம்ப்யூட்டரே சில சமயம் முன்கூட்டி மொண்டு வைத்துவிடுமாம். மாட்யூல் வெளியே கொடுத்த பெயரின் மதிப்பை மாற்றக்கூடாது என்று ஆறாவது அறிக்கை விதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மாறாது என்று வாக்குக் கொடுத்தால்தானே நம்பி மொண்டு வைக்கலாம்?

மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் பொல்லாதது. ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டு வேறு வழியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படுகையிலும் கொஞ்சம் தண்ணீர் குட்டையாய் நிற்கிறது. பழைய கால்வாயின் தலைமடை அந்தக் குட்டையைப் பார்த்தபடியே இருக்கிறது. ஆற்றோடு தொடர்பில்தான் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். மறுபடி ஏற்றும்போது பழைய பெட்டிகளை விட்டுவிட்டு, அதே பெயர்களில் புதிதாக ஒரு வரிசைப் பெட்டிகளைச் செய்தால் இப்படித்தான் ஆகும். புதிதாக வருகிறவர்கள் புதுப் பெட்டிக்குப் போவார்கள். பழையவர்கள் பழைய பெட்டியையே திறந்துகொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் கம்ப்யூட்டர் பழைய பெட்டியைக் குப்பையில் போடுவதும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு உலகங்கள். டோக்கன் எண் கொடுக்கிற வேலை அந்த மாட்யூலில் இருந்தால், ஒரு பக்கம் 4,812-ஆம் டோக்கன் போய்க்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. எல்லாம் சரியாக நடப்பதுபோலவே நடக்கும்.

"அதான் தாத்தா பயம். நின்னு போச்சுன்னா கண்டுபிடிச்சிரலாம். ஓடுதே!" என்றான் அவன்.

*

நான் அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து, இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரம் முழுவதுமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறதே என்று எண்ணினேன்.

துறைமுகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தாமிரபரணிக்கு எப்போதும் ஒரு துறைமுகம் இருந்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கப் பிரயாண நூலும், இரண்டாம் நூற்றாண்டுத் தாலமியின் பூகோளமும் கொற்கையைப் பேசுகின்றன. அந்த நூல்களைப் படித்துவிட்டு இன்றைக்குக் கொற்கைக்குப் போகிறவன் கடலைத் தேடினால் வயலும் வாழைத் தோட்டமும் தான் தென்படும். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைப் பல மைல் அப்பால் தள்ளிவிட்டது. வணிகம் காயலுக்குப் போயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலை. அதையும் வண்டல் மூடி, இன்று அது பழையகாயல். பிறகு போர்த்துகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும் தூத்துக்குடியில் இறங்கினார்கள். 'ஆற்றின் துறைமுகம்' என்ற பெட்டி ஒன்றுதான். உள்ளே இருந்த ஊர்தான் இரண்டு தடவை மாறியது. தாலமியின் ஏடு இரண்டாம் நூற்றாண்டில் மொண்ட குடம். அதில் கொற்கை இன்னும் கடற்கரையில்தான் இருக்கிறது.

ஆற்றின் பெயருக்கே இந்தக் கதி உண்டு. பழந்தமிழர் இதைப் பொருநை என்றார்கள். தாமிரபரணி என்ற பெயர் ஆற்றுக்கும் இருந்தது, இலங்கைத் தீவுக்கும் இருந்தது. கிரேக்கர்கள் இலங்கையைத் தப்ரபேன் என்றது இதிலிருந்துதான். அசோகனுடைய சாசனத்தில் வரும் தம்பபன்னி தீவா, ஆறா என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு; பெரும்பாலோர் தீவு என்றே கொள்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள் இருந்தால் இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும் வாதம் ஓயாது.

ஜில்லாவுக்கு வருவோம். கால்டுவெல் பாதிரியார் 1881-ல் திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரத்தை எழுதினார். இடையன்குடியில் வாழ்ந்து, கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து எழுதியவர். அவர் திருநெல்வேலி என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் உள்ளே இருக்கின்றன. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கியபோது அந்தத் தாலுகாக்கள் பிரிந்தன. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முழுவதும் சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்தது. 2019-ல் மேற்கே தென்காசி போயிற்று. கால்டுவெல்லின் திருநெல்வேலியை இன்றைய திருநெல்வேலி என்று எண்ணிப் படிக்கிறவன், ஆசிரியர் பைத்தியக்காரர் போலிருக்கிறது என்று முடிவு கட்டுவான். ஆண்டாளும் கட்டபொம்மனும் குற்றாலமும் முத்துக் குளிப்பும் ஒரே ஜில்லாவில் எப்படி அடங்கும்?

ஆதிச்சநல்லூரும் அப்படித்தான். அணைக்கட்டிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில், ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. 1876-ல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் அங்கே தோண்டித் தாழிகளைக் கண்டார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ பல வருஷம் தோண்டினார். அந்தக் காலப் புத்தகங்கள் எல்லாம் அதைத் திருநெல்வேலி ஜில்லா என்றே சொல்லும். இன்று அது தூத்துக்குடி மாவட்டம். ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. தாழிக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு ஜில்லாவும் ஒன்றுதான்.

கட்டபொம்மன் பெயருக்கு நேர்ந்தது இன்னும் விநோதம். 1986-ல் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்ததை ஒட்டி, மிச்சமிருந்த திருநெல்வேலிக்கு நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி பிரிந்துபோன பக்கத்தில் இருந்தது. 1799-ல் அவனைத் தூக்கிலிட்ட கயத்தாறும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயர் ஒரு பெட்டியிலும் பொருள் இன்னொரு பெட்டியிலும் தங்கிவிட்டன. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைவர் பெயர் வைத்ததை ஒட்டி எழுந்த கலவரங்களுக்குப் பிறகு, 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்தவர்களின் சான்றிதழ்களில் நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் இன்னும் ஆட்சி செய்துகொண்டிருக்கிறது.

கடைசியாக என் தவறுக்கே வருகிறேன். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டான். இன்றைய கணக்கில் சொன்னால், தென்காசி மாவட்டத்துக்காரன், திருநெல்வேலிக் கலெக்டரை, தூத்துக்குடி மாவட்டத்தில் சுட்டான் என்று ஆகும். அன்றைய கணக்கில், கலெக்டர் தன் ஜில்லாவுக்குள்ளேயே, தன் அதிகார எல்லையிலேயே விழுந்தார். சுட்டவன்தான் வேறு ராஜ்யத்துப் பிரஜை. கோபம் எல்லை தாண்டி வந்தது என்பதே அன்றைய விசேஷம். நான் 'திருநெல்வேலி ஜில்லா செங்கோட்டை' என்று எழுதியபோது அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டேன். என் கதாநாயகன் செங்கோட்டையில் ரயில் ஏறி ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொன்றுக்குள் நுழைகிறான் என்பது எனக்கே தெரியவில்லை. அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? வண்டி எல்லையைத் தாண்டும்போது அவன் என்ன நினைத்தான் என்று ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டியவன் நான். அந்தப் பக்கம் என் நாவலில் இல்லை.

*

இனி பத்திரத்தின் கதை.

அது 1938-ல் எழுதிய கிரயப் பத்திரம். அக்காவின் மாமனார் வாங்கிய நாற்பது சென்ட் நஞ்சை. திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவைகுண்டம் தாலுகா, கிராமம், சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அக்காவுக்கு எண்பது வயதாகப் போகிறது. அத்தான் போய்ப் பல வருஷமாகிறது. தான் கண்ணை மூடுவதற்குள் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, அதைப் பிள்ளைகளுக்குத் தகராறில்லாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

பேரன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறான். பத்திரத்தில் எழுதியிருந்தபடி திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் என்ற தாலுகாவே வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தூத்துக்குடிக்கு மாற்றினான். தாலுகா வந்தது, கிராமம் வந்தது. பத்திரத்தில் கண்ட சர்வே நம்பரைப் போட்டான். உடனே பட்டா வந்து நின்றது. வேறு யாரோ ஒருவர் பெயரில்.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிலத்தை யாரோ எழுதி வாங்கிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டாள். எந்தச் சொந்தக்காரன் செய்திருப்பான் என்று இரண்டு மூன்று பேரை மனத்துக்குள் சந்தேகிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அதில் ஒருவருடைய வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டாளாம். அந்த மனிதர் பாவம், ஒன்றும் அறியாதவர்.

நடந்தது என்னவென்று நாங்கள் ஸ்ரீவைகுண்டம் போன அன்றுதான் தெரிந்தது. பத்திரம் எழுதியதற்குப் பிறகு அந்தக் கிராமத்தை மறுபடி அளந்து, நம்பர்களைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று தமிழ்நாடு முழுவதும் கணக்குகளைப் புதுப்பித்தார்களே, அப்போது உட்பிரிவுகளும் மாறியிருக்கின்றன. பழைய நம்பர் இப்போதும் இருக்கிறது. ஆனால் அது இன்று வேறொரு வயலின் நம்பர். பழைய கால்வாய் பழைய குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. சுத்தமான பதிலாகத்தான் வந்தது. அதனால்தான் அக்கா நம்பிவிட்டாள்.

கிராம நிர்வாக அலுவலர் நிதானமான மனிதர். பழைய நம்பரும் புதிய நம்பரும் எதிர் எதிராக எழுதிய பதிவேட்டை எடுத்து விரலை வைத்துக்கொண்டே போனார். ஒரு வரியில் விரல் நின்றது. புது நம்பரைக் குறித்துக்கொண்டு கணக்கைப் பார்த்தால், அக்காவின் மாமனார் பெயர் அப்படியே இருந்தது.

"இடத்தையும் ஒரு தடவை பார்த்துருவோம்" என்றார் அவர்.

வயலுக்குப் போனோம். பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருந்தது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம். அந்த மூன்று பேரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நிலங்கள் மூன்று கைகள் நான்கு கைகள் மாறிவிட்டன. அந்தப் பெயர்களை ஊரில் கேட்டால் ஒருவரைப் பற்றி மட்டும், "அவர் பேரன் மதுரையில் இருக்காரு" என்று பதில் வந்தது. நான்காவது எல்லையில் ஆள் பெயரே இல்லை. 'வாய்க்காலுக்கு வடக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

வாய்க்கால் இருந்தது. அணையிலிருந்து காலையில் திறந்துவிட்ட தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பேரன் அதன் கரையில் நின்று பத்திரத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பாட்டிக்குப் போன் பண்ணினான். அக்கா எதிர்முனையில் அழுதது எனக்கே கேட்டது. அழுது முடித்தவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கல்யாணம் எந்தத் தேதி என்பதுதான்.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேரனிடம் கேட்டேன். "இந்த மூன்றில் எதுடே நல்ல வழி?"

கொஞ்ச நேரம் யோசித்தான். மூன்றாவது மட்டும் ஆகாது என்றான். முதல் இரண்டும் வேண்டியவைதானாம். எது கால்வாய், எது குடம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம். அவனுடைய தோழர்கள் மாட்யூலை மறுபடி ஏற்றிய பிறகு சந்தேகம் வந்தால், முழுப் புரோகிராமையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டிவிடுவார்களாம். அது நிச்சயமான மருந்து.

அவனுக்கு அந்த வசதி இருக்கிறது. ஒரு ஜில்லாவை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்ட யாராலும் முடியாது. ஜில்லா ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிக்க வேண்டும். பத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நம்பரை மாற்ற வேண்டும். ஆகவே நமக்கு உள்ள மருந்து அந்தப் பதிவேடு ஒன்றுதான். பழையது இது, புதியது இது என்று ஒரே வரியில் எதிர் எதிராக எழுதி வைத்துவிட்டுப் போன யாரோ ஒரு குமாஸ்தா என் அக்காவுக்குச் சோறு இறங்கச் செய்தார். சரித்திரம் எழுதுகிறவனுடைய வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன். கால்டுவெல்லைத் திருத்த வேண்டியதில்லை. அவர் மடியில் கட்டிக்கொண்டு வந்த 1881-ஐ அவிழ்த்துப் பார்த்து, அதற்கு எதிரே இன்றையதை எழுதி வைத்தால் போதும்.

என் நாவலின் அடுத்த பதிப்பில் செங்கோட்டையைத் திருவிதாங்கூருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரயில் எல்லையைக் கடக்கும் அந்தப் பக்கத்தையும் எழுதிச் சேர்த்தேன். நான் எழுதியவற்றில் அது மோசமான பக்கம் என்று சொல்ல மாட்டேன். செங்கோட்டை ஆசிரியருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் போட்டு, புதுப் பதிப்பில் ஒரு பிரதி அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தேன்.

கார்டிலேயே பதில் வந்தது. கோடு போடாத கார்டு. அதே நேரான கையெழுத்து.

"புதுப் பிரதி வேண்டாம். என்னிடம் உள்ளதில் பேனாவால் நானே திருத்திக் கொண்டேன். தாங்கள் எழுதியதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்."